கர்த்தருடைய வேளைக்குக் காத்திருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம், குழந்தை, வேலை, சுகம் என்று ஏதோ ஒன்றுக்காக வருடக்கணக்கில் ஜெபித்துக்கொண்டிருக்கும் விசுவாசிகளும், அவர்களுக்காக ஜெபிக்கும் போதகர்களும் வீட்டாரும் கேட்கிற கேள்விகள் இவை. வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து தரப்பட்டுள்ளன.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சும்மா இருப்பதுதான் காத்திருப்பதா?

இல்லை. பெர்சியா ராஜாவின் பானபாத்திரக்காரராயிருந்த நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிற செய்தி அவருக்குக் கிஸ்லேவ் மாதத்தில் வருகிறது. ராஜாவிடம் அவர் வாய் திறப்பது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய 4 மாதம். அழுதார், உபவாசித்தார், ஜெபித்தார் என்று முதல் அதிகாரம் சொல்கிறது. ஆனால் "நீ கேட்கிற காரியம் என்ன" என்று ராஜா கேட்டதும் அவரிடமிருந்து வந்த பதிலைக் கவனியுங்கள். போய்த் திரும்ப எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்கிறார். நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார். ராஜாவின் வனத்தைக் காக்கிற ஆசாப்புக்கும் ஒரு கடிதம். அங்கிருந்து வரும் மரம் எந்தெந்த வேலைக்கு என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது (நெகேமியா 2:4-8). நின்ற இடத்தில் தோன்றிய பட்டியல் அல்ல அது. அலங்கம் 52 நாளில் முடிந்ததில் (6:15) அந்த 4 மாதத்துக்கும் பங்குண்டு.

இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793 நவம்பரில் வங்காளம் வந்து சேர்ந்தார். முதல் விசுவாசியான கிருஷ்ணபால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். நடுவே 7 வருடம். அந்த வருடங்களில் கேரி அவுரித் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை பார்த்து வயிற்றைக் கழுவினார், வங்காளம் கற்றார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1801-இல் அது அச்சாகி வெளிவந்தது.

யாக்கோபு நிருபம் பொறுமைக்கு விவசாயியைத்தான் காட்டுகிறது: "பயிரிடுகிறவன் பூமியின் நற்பலனை அடையவேண்டுமென்று, முன்மாரியும் பின்மாரியும் வருமளவும், நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான்" (5:7). பாலஸ்தீனத்தில் கோடை முழுக்க மழை கிடையாது. அக்டோபர், நவம்பரில் வரும் முன்மாரி இறுகிக் கிடக்கும் மண்ணை இளக்கும், உழுது விதைப்பார்கள். மார்ச், ஏப்ரலில் வரும் பின்மாரியில்தான் கதிர் மணி பிடிக்கும். மழையை வரவழைக்க விவசாயியால் ஆகாது. உழவும் விதைப்பும் அவன் பாடு. மழை வந்த பிறகு உழாத வயலில் என்ன விளையும்?

ஆகவே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். வேலைக்காக ஜெபிக்கிறவர் என்றால் ஒரு பக்கம் விண்ணப்பம் போடுவது, விட்டுப்போன பாடத்தைப் படிப்பது, நேர்முகத் தேர்வுக்குப் பழகுவது. மறுபக்கம் யாரைத் தேர்ந்தெடுப்பார்கள், ஆணை எப்போது வரும் என்பவை. முதல் பக்கத்தில் இருப்பதற்கு நாளும் நேரமும் குறியுங்கள். இரண்டாம் பக்கத்தை ஜெபத்தில் வையுங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இரண்டாம் பக்கத்தை நினைத்து ராத்திரி தூங்குவதில்லை. முதல் பக்கத்துக்கு ஜெபம் மட்டும்.

புத்தாண்டு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்தமாக வந்தது. இந்த வருடமே நடக்கும் என்று பிடித்துக்கொள்ளலாமா?

"நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்கிற வசனம். காலண்டரிலும் வாக்குத்தத்த அட்டையிலும் இதைப் பார்க்காத தமிழ்க் கிறிஸ்தவ வீடு அபூர்வம். அதற்கு முந்தின வசனத்தை அட்டையில் அச்சிடுகிறவர்கள்தான் இல்லை. 10-ஆம் வசனம் சொல்வது: பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பு.

இது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா எழுதி, எலெயாசா, கெமரியா என்ற இருவர் கையில் பாபிலோனுக்கு அனுப்புகிறார். சிறைப்பட்டுப் போன ஜனங்கள் சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்ற நினைப்பில் இருக்கிறார்கள். கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது (29:5-7). 70 வருடம் என்றால், அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது வளர்ந்த ஆளாக இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஊரைப் பார்க்கப்போவதில்லை. அவர்களுக்குத்தான் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று எழுதப்பட்டது. அதைக் கேட்டு எல்லாரும் ஆமென் சொல்லிவிடவும் இல்லை. இப்படி எழுதினவரை ஏன் கண்டிக்கவில்லை என்று செமாயா என்பவர் அங்கிருந்து எருசலேமுக்கு எதிர்க்கடிதம் போட்டார் (29:24-28).

இந்த வசனத்தால் உங்களுக்குப் பயனில்லை என்பதல்ல. தேவன் தம் ஜனத்தின்மேல் நல்ல நினைவாயிருக்கிறார் என்பதை இதிலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அவர் குறித்த காலம் நம் காலண்டரைவிட நீளமாயிருக்கலாம் என்பதும் இதே கடிதத்தில் இருக்கிறது. "இந்த வருடத்துக்குள்" என்பது மட்டும் அதில் இல்லை. அதை அட்டை எடுத்தவர் சேர்த்துக்கொள்கிறார். பிறகு டிசம்பர் வந்ததும் வசனம் பொய்த்துப்போனதாக மனம் கசந்துபோகிறது.

எந்த வாக்குத்தத்தம் வந்தாலும் அந்த அதிகாரம் முழுவதையும், முன்னும் பின்னும் ஒவ்வொரு அதிகாரத்தையும் வாசியுங்கள். யாருக்குச் சொல்லப்பட்டது, ஏதாவது நிபந்தனை உண்டா, காலம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை.

ஒரு ஊழியர் "3 மாதத்துக்குள் நடக்கும் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். நம்பலாமா?

எரேமியாவின் காலத்திலும் ஒருவர் தேதி சொன்னார். அனனியா என்ற தீர்க்கதரிசி, தேவாலயத்தில் எல்லார் முன்பாகவும், இரண்டு வருஷத்திலே எல்லாரும் திரும்புவார்கள் என்றார். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருப்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினார். கேட்டவர்களுக்குத் தேனாக இருந்திருக்கும். எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொல்கிறார். அனனியா பேசியது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதத்தில் செத்துப்போனார் (எரேமியா 28). ஜனங்கள் பாபிலோனிலேயே இருந்தார்கள்.

தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்றும், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றும் வேதம் ஒரே மூச்சில் சொல்கிறது (1 தெசலோனிக்கேயர் 5:20-21). சோதிப்பது இப்படி. சொன்ன வார்த்தையை அன்றைக்கே, சொன்னபடியே, தேதி போட்டு எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் நம் ஆசையும் கலந்துவிடும். உங்கள் சபைப் போதகரிடமோ முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ காட்டுங்கள். அந்த வார்த்தையை மட்டும் நம்பி எதையும் மாற்றாதீர்கள்: வேலையை ராஜினாமா செய்வது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது, கடன் வாங்குவது, மாத்திரையை நிறுத்துவது எதுவும் கூடாது. கர்த்தர் சொன்னதாயிருந்தால் நீங்கள் மாத்திரை சாப்பிடுவதால் அது நின்றுபோகாது.

குறித்த காலம் கடந்தும் நடக்கவில்லை என்றால், "உங்கள் விசுவாசம் போதவில்லை" என்ற பதிலை வாங்கிக்கொள்ளாதீர்கள். கர்த்தர் பெயரால் சொன்னது நடக்காமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று உபாகமம் 18:22 சொல்கிறது. பொறுப்பு சொன்னவருடையது. வார்த்தையோடு சேர்த்துக் காணிக்கைத் தொகையும் குறிப்பிடப்பட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

வேதத்தில் யார் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள்?

ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. ஆக 25 வருடம். இதில் கவனிக்க வேண்டியது நடுவிலிருக்கும் மௌனம். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86. அடுத்த வசனத்திலேயே 99. அந்த 13 வருடத்தில் தேவன் பேசியதாக ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. எந்தக் காலத்தில் பிள்ளை பிறக்கும் என்று தெளிவாகச் சொல்லப்பட்டதும் அந்த மௌனத்துக்குப் பின்புதான், கடைசி வருடத்தில் (ஆதியாகமம் 17:21).

ஈசாக்கு 40 வயதில் ரெபெக்காளை மணந்தார். பிள்ளைகள் பிறந்தபோது 60. யோசேப்பு சொப்பனம் கண்டபோது 17, பார்வோனுக்கு முன்பாக நின்றபோது 30. தாவீது சாமுவேல் கையால் அபிஷேகம் பெற்றபோது ஆடு மேய்க்கும் கடைக்குட்டி. ராஜாவானது 30 வயதில், அதுவும் எப்ரோனில் யூதாவுக்கு மட்டும். இஸ்ரவேல் முழுவதும் அவர் கைக்கு வர இன்னும் ஏழரை வருடம் ஆயிற்று.

யோசேப்பு பானபாத்திரக்காரரின் தலைவனிடம் "என்னை நினைத்துப் பார்வோனிடத்தில் சொல்லும்" என்று கேட்டாரே, அது அவிசுவாசம் அல்லவா என்று சிலர் பிரசங்கிப்பதுண்டு. அதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. சிபாரிசு கேட்டார், அந்த ஆள் மறந்தான், 2 வருடம் போயிற்று. கடைசியில் பார்வோனிடம் யோசேப்பின் பேச்சை எடுத்தவனும் அதே ஆள்தான்.

எப்போது பொறுத்திருக்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும்?

கில்காலில் சவுல் 7 நாள் பொறுத்தார். சாமுவேல் வரவில்லை, பெலிஸ்தர் கூடிவிட்டார்கள், கூட இருந்த ஜனம் சிதறிப் போகிறது. தானே பலியைச் செலுத்தினார். முடித்த கையோடு சாமுவேல் வந்து நின்றார் (1 சாமுவேல் 13:8-10). சவுலின் நெருக்கடி பொய்யில்லை. இராணுவக் கணக்குப்படி அவர் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் நியாயமானது. ஆனால் அவருக்குச் சொல்லப்பட்டது காத்திருக்கும்படி. அவர் கையில் எடுத்ததோ அவருடைய வேலை அல்லாதது.

ஒரு முடிவு எடுக்குமுன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். இதைச் செய்ய எங்காவது பொய் சொல்ல வேண்டியிருக்கிறதா, யாரையாவது ஏமாற்ற வேண்டியிருக்கிறதா? ஆம் என்றால் அது கர்த்தருடைய வேளை அல்ல. மேலே யோசிக்கத் தேவையில்லை. இது என் பொறுப்பில் வருவதா, இல்லை இன்னொருவர் எடுக்க வேண்டிய முடிவை நான் பிடுங்குகிறேனா? பயத்தில் ஓடுகிறேனா? 2 வாரம் தள்ளிப்போட்டால் உண்மையிலேயே நஷ்டமா, அல்லது மனப் பதற்றம்தான் அவசரப்படுத்துகிறதா? உங்களை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசக்கூடிய 2 பேர் என்ன சொல்கிறார்கள்?

இத்தனைக்கும் பிறகு தடையில்லை என்றால் கிளம்பலாம். வானத்திலிருந்து குரல் கேட்டால்தான் நகர்வேன் என்று விண்ணப்பத்தின் கடைசி தேதியைத் தவறவிடுவது பக்தி அல்ல.

கதவு திறந்தால் அதுவே தேவசித்தம்தானே?

யோனா கர்த்தருடைய சமுகத்தை விட்டு ஓடி யோப்பாவுக்குப் போனபோது தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது. கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. எல்லாம் கூடிவந்தது. போன திசைதான் தப்பு.

தாவீது ஏன்கேதி குகையில் ஒளிந்திருந்தபோது சவுல் தனியாக உள்ளே வந்தார். கூட இருந்தவர்கள், கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்றே சொன்னார்கள். தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்ததோடு நிறுத்திக்கொண்டார், அதற்கும் அவர் மனது அடித்துக்கொண்டது (1 சாமுவேல் 24:4-5). வாய்ப்பு கிடைத்தது என்பது ஒரு தகவல்; மற்ற கேள்விகளோடு சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. கேட்டதையே கேட்டுச் சலித்துவிட்டது.

13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். மொத்தம் 6 வசனம். முதல் இரண்டில் முறையீடு: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" இந்த இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்பது திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை. அதே மூன்று பாகத்தில் உங்கள் காரியத்தைச் சொல்லுங்கள். பாகத்துக்கு 5 நிமிடம், மொத்தம் கால் மணி நேரம். முதல் பாகத்தைத் தாண்டிக் குதித்து நேரே ஸ்தோத்திரத்துக்குப் போவதுதான் வழக்கமான தவறு. முறையிட்டால் முறுமுறுப்பு ஆகிவிடும் என்ற பயம். வனாந்தரத்தில் ஜனங்கள் தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், அது முறுமுறுப்பு; சங்கீதக்காரன் தேவனிடமே பேசுகிறான். 88-ஆம் சங்கீதம் இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார் தேவன்.

ஒரு நோட்டு போட்டுக்கொண்டால் உதவும். விண்ணப்பத்தை ஒரே வாக்கியத்தில், தேதியோடு எழுதுங்கள். கீழே இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டிய ஒன்று. வாரக் கடைசியில் நடந்ததை இரண்டு வரி. 3 மாதத்துக்கு ஒருமுறை பின்னோக்கிப் புரட்டும்போது விண்ணப்பமே மாறியிருப்பதைப் பார்ப்பீர்கள். மாறினபடியே புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். தினமும் எண்ணிக்கை போட வேண்டாம். அது காத்திருப்பை இன்னும் நீளமாக்கிக் காட்டும்.

உபவாசம் இருந்தால் சீக்கிரம் நடக்குமா?

உபவாசம் தேதியை முன்னுக்கு இழுக்கும் கயிறு அல்ல. ஏசாயா 58-இல் ஜனங்கள் "நாங்கள் உபவாசம்பண்ணும்போது நீர் நோக்காமலிருக்கிறதென்ன" என்று கணக்குக் கேட்கிறார்கள். பதிலாகக் கர்த்தர் அவர்கள் வேலைக்காரரை நடத்துகிற விதத்தைக் கேட்கிறார்.

பழக்கமில்லாதவர் வாரத்தில் ஒருநாள், காலை உணவை மட்டும் விட்டு மதியம் வரை இருந்து பார்க்கலாம். தண்ணீர் குடியுங்கள். முடிக்கும்போது கஞ்சி அல்லது இட்லி போதும். பிரியாணியில் முடித்தால் வயிறு சும்மா விடாது. சமைக்கும் நேரமும் சாப்பிடும் நேரமும் ஜெபத்துக்குப் போகட்டும். அந்த நேரம் போனில் கழிந்தால் அது வெறும் பட்டினி.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக்கூடாது. சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ, வியர்த்து நடுங்கினாலோ, உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து உபவாசத்தை முடித்துவிட வேண்டும். அதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை.

குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். மருத்துவமனைக்குப் போவது அவிசுவாசமா?

இல்லை. லூக்கா ஒரு வைத்தியர். பவுல் அவரைப் "பிரியமான வைத்தியன்" என்றே எழுதுகிறார் (கொலோசெயர் 4:14). மனைவிக்கு 35 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காதபோதும், 35 தாண்டியிருந்தால் 6 மாதத்திலும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழிகாட்டுதல். இங்கே வயது உண்மையிலேயே முக்கியம். "கர்த்தருடைய வேளை வரட்டும்" என்று 5 வருடம் தள்ளிப்போட்டால் சிகிச்சைக்கான வாய்ப்பு குறையும்.

இருவரும் சேர்ந்து போக வேண்டும். கணவனுக்கான விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. ஆனாலும் மனைவிக்கு எல்லாச் சோதனையும், ஒவ்வொரு உபவாசக் கூட்டத்திலும் அவள் தலைமேல் கை வைத்து ஜெபமும் நடந்த பிறகு, கடைசியாகத்தான் கணவன் போகிறார். ஆதியாகமம் 25:21-இல் மனைவிக்காக ஜெபித்தது ஈசாக்கு. தத்தெடுக்கும் எண்ணம் வந்தால் அது விசுவாசத்தைக் கைவிட்டதாகாது. இந்தியாவில் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் கிறிஸ்தவர்களும் முறைப்படி தத்தெடுக்கலாம். மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும்.

மகளுக்கு வரன் அமையவில்லை. ஏன் கர்த்தர் தாமதிக்கிறார்?

தாமதிப்பது கர்த்தர்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். மணமகன் தேவை விளம்பரத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த வரிகளை எடுத்து வாசியுங்கள். விசுவாசி, நல்ல குணம் என்பதற்குப் பிறகு சாதி, உட்பிரிவு, சபைப் பிரிவு, நிறம், உயரம், அரசு வேலை, சொந்த வீடு என்று எத்தனை வடிகட்டி போட்டிருக்கிறீர்கள்? சில வீடுகளில் நட்சத்திரமும் மறைவாகப் பார்க்கப்படுகிறது. மாப்பிள்ளை வீட்டாரானால் எத்தனை பவுன் என்ற கேள்வி. வேதம் வைத்திருக்கும் நிபந்தனை, கர்த்தருக்குட்பட்டவராக இருக்க வேண்டும் என்பது (1 கொரிந்தியர் 7:39). உட்பிரிவும் பவுன் கணக்கும் போட்ட தடையைக் கர்த்தர் தலையில் கட்டுவது அநியாயம்.

அந்தப் பட்டியலில் பெண்ணோடு உட்கார்ந்து பேசி, உண்மையிலேயே வேண்டியவை என்று மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். அவளுக்குத் தெரியாமல் ஜெபக்குழுவில் பெயரும் வயதும் அறிவிக்கக் கூடாது. கல்யாணம் நடக்கும்வரை படிப்பும் வேலையும் சேமிப்பும் நிற்கத் தேவையில்லை.

காரியம் நடந்தால் இவ்வளவு காணிக்கை என்று பொருத்தனை செய்யலாமா?

அன்னாள் செய்தார், நிறைவேற்றவும் செய்தார். யெப்தா யோசிக்காமல் நேர்ந்து, அந்தப் பொருத்தனையின் விலையை மகள் கொடுத்தாள். "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்கிறது பிரசங்கி 5:5. செய்வதானால் உங்கள் கையிலிருப்பதை மட்டும் நேருங்கள். பிள்ளையின் எதிர்காலத்தையோ துணையின் சம்பளத்தையோ அவர்களைக் கேட்காமல் நேராதீர்கள். "இவ்வளவு விதைத்தால் இத்தனை நாளில் அறுப்பு" என்று தொகையும் தேதியும் சொல்லிக் கேட்கிற காணிக்கைக்குக் கடன் வாங்கிக் கொடுத்தவர்கள் பலர். வட்டி மட்டும் குறித்த தேதியில் தவறாமல் வரும்.

என் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் உடனே கிடைத்துவிடுகிறதே?

யோவானைக் காட்டிப் பேதுரு கேட்டதும் இதைப் போன்றதுதான்: "இவன் காரியம் என்ன?" இயேசு அதற்கு விளக்கம் தரவில்லை. "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்றார் (யோவான் 21:21-22). பொறாமை வருவதை 73-ஆம் சங்கீதத்தைப்போலத் தேவனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. வளைகாப்புக்கோ நிச்சயதார்த்தத்துக்கோ போக முடியாத வாரத்தில் ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பிவிட்டு வீட்டிலிருப்பது பாவமில்லை.

காத்திருப்பவரிடம் என்ன பேசுவது?

"ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்காதீர்கள். விசேஷம் இருந்தால் அவர்களே சொல்வார்கள். "கர்த்தர் ஏதோ கற்றுக்கொடுக்கிறார்", "பாவம் ஏதாவது இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள்" என்பவையும் வேண்டாம். யோபுவின் சிநேகிதர் 7 நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாயிருந்தார்கள்; வாயைத் திறந்ததும்தான் கெட்டது. பரீட்சை நாளிலோ பரிசோதனை முடிவு வரும் நாளிலோ போன் செய்யுங்கள். மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள், ஒருவேளை சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். ஜெபக் குறிப்பாகச் சொல்லுமுன் அவர்கள் அனுமதியைக் கேளுங்கள்.

உயிரோடிருந்து என்ன என்று தோன்றுகிறது. இது விசுவாசக் குறைவா?

எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தான் சாகவேண்டும் என்று கேட்டார். தேவதூதன் கண்டிக்கவில்லை, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19:4-8). பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை 2 வாரத்துக்குமேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 2 வாரம் காத்திருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

கடைசிவரை கிடைக்காமலே போனால்?

அதுவும் நடக்கிறது. தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துப்போடும்படி பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" (2 கொரிந்தியர் 12:8-9). முள் போகவில்லை. எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் வெற்றிப் பட்டியலாகவே பிரசங்கிக்கிறோம். அதே அதிகாரம் இரண்டு இடத்தில் (13, 39), அவர்கள் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமல் போனார்கள் என்று சொல்கிறது.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம்வரை வந்திருந்தபோது, 1719-இல், 36 வயதில் இறந்துபோனார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷூல்ட்சே. 1720-களில் அது அச்சேறியது. முழு வேதாகமத்தை அவர் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

ஒரு விண்ணப்பத்தை நிறுத்தலாமா என்றால், நிறுத்தலாம். "இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்" என்று மோசேக்கு ஒருமுறை சொல்லப்பட்டது (உபாகமம் 3:26). 50 வயதில் குழந்தைக்கான ஜெபத்தை முடித்துக்கொண்டு, துக்கத்தைத் துக்கமாக அனுசரிப்பவர் விசுவாசத்தை விட்டவர் அல்ல. போதகரோடும் துணையோடும் உட்கார்ந்து ஒருநாள் ஜெபித்து அந்தப் பக்கத்தை மூடலாம்.

கேட்டது கிடைத்துவிட்டது. சபையில் சாட்சி சொல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

3 நிமிடத்துக்குள் சொல்லுங்கள். எத்தனை வருடம் ஆயிற்று, நடுவில் எவ்வளவு சோர்ந்தோம், யார் உதவினார்கள் என்பதையும் விடாதீர்கள். சிகிச்சை எடுத்திருந்தால் எடுத்தோம் என்றே சொல்லுங்கள். அதை மறைத்து "ஜெபத்தால் மட்டும்" என்றால், அதைக் கேட்டு மருத்துவமனையை நிறுத்துகிறவர் ஒருவர் பின்வரிசையில் இருப்பார். "21 நாள் உபவாசம் இருந்தோம், 22-ஆம் நாள் நடந்தது" என்பது உண்மையாகவே இருந்தாலும், அதைச் சூத்திரமாகச் சொல்லாதீர்கள். 40 நாள் இருந்தும் நடக்காதவர்கள் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். "கர்த்தர் எங்களைக் கைவிடவில்லை" என்பதை அவர்களும் சேர்ந்து சொல்லலாம். "விசுவாசித்ததால் எங்களுக்குக் கிடைத்தது" என்பதைச் சொல்ல முடியாது. ஆராதனை முடிந்ததும், உங்களோடு சேர்ந்து அதே காரியத்துக்காகக் காத்திருந்தவரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். மேடையில் தெரிந்துகொள்ளாமல் முன்னதாகவே உங்களிடமிருந்து கேட்டால் அவருக்கு இன்னும் நல்லது. முந்தின நாளே போன் செய்துவிடுங்கள்.